யசவதி காத்த சீலம்

யசவதிக்குக் கிழமை தெரிய வேண்டுமானால் காலண்டரைப் பார்க்கத் தேவையில்லை. செவ்வாய் என்றால் சீனி வியாதிக் கிளினிக். வியாழன் என்றால் நெஞ்சுக் கிளினிக். மாதத்தில் ஒரு வெள்ளி கழுத்துக் கழலைக்கு, இன்னொரு வெள்ளி முழங்காலுக்கு. சனியும் ஞாயிறும் மட்டும் கிளினிக் கதவு சாத்தியிருக்கும்.

"ரெண்டு நாள் உனக்கு லீவு யசோ. அதுக்குள்ள புதுசா எதையும் வாங்கிட்டு வந்துராத," என்பார் அவள் புருஷன் டிங்கிரி பண்டா.

அப்படிக் கேலி பேச அவருக்கு உரிமை உண்டு. அவருடைய உடம்பும் லேசுப்பட்டதல்ல. நெஞ்சில் அடைப்பு, மூச்சில் இழுப்பு, இடது கண்ணில் படலம். கேகாலைப் பக்கம் ஓடிய பஸ்ஸில் தலை நரைக்கும்வரை கொண்டக்டராக இருந்தவர் அவர். ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நின்ற மனுஷன், இன்று கிணற்றடிக்குப் போவதற்கு வாசல் நிலையைப் பிடிக்கிறார். குரல் மட்டும் கொஞ்சமும் இறங்கவில்லை. வீட்டுக்குள் உப்புக் கேட்டால் சந்தியில் நிற்பவனுக்கும் கேட்கும்.

யசவதி ஆஸ்பத்திரி வாசலில் இலைக்கஞ்சி விற்கிறாள். வல்லாரையோ சாத்தாவாரியோ கறிவேப்பிலையோ, அன்றைக்குக் கிடைத்த இலையை அரைத்துப் பிழிந்து, சிவப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பாலோடு கலந்து, விடிவதற்குள் பெரிய குண்டானில் கொண்டுவந்து வைத்துவிடுவாள். பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்த சனமெல்லாம், ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு நேரே அவளிடம்தான் வரும். ஒரு கோப்பை சூடான கஞ்சி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி.

"அக்கே, கருப்பட்டியைக் கொஞ்சம் பெரிசாப் போடுங்க."

"உனக்குச் சீனி எவ்வளவுன்னு சொன்னாங்களா?"

"இல்ல, மத்தியானம்தான் சொல்லுவாங்க."

"அப்ப மத்தியானம் வா, பெரிசாத் தர்றேன்."

"அனே அக்கே, ரத்தம்தான் குடுத்தாச்சே! இனிமே சாப்பிட்டா அதுல தெரியவா போகுது?"

இப்படித்தான் பேசுவார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கருப்பட்டியைச் சின்னதாக உடைப்பாள். தானும் அதே வரிசையில் நிற்கிறவள் என்பதால், அவர்களைக் கடிந்துகொள்ள அவளுக்கு வாய் வராது.

சீனிதான் அவளிடம் முதலில் வந்தது. ஒரே மகள் கல்யாணமாகிக் கட்டுநாயக்காப் பக்கம் குடிபோன வருஷம் அது. கால் எரிச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன யசவதியிடம் சீனி என்றார்கள். வந்த விருந்தாளி தன் சொந்தக்காரர்களையும் ஒவ்வொருத்தராய் அழைத்துக்கொண்டதுபோல, பிறகு பிரஷர் வந்தது, நெஞ்சு படபடப்பு வந்தது, கழுத்தில் கழலை வந்தது. முழங்கால் கடைசியாக வந்து, போகிற எண்ணமே இல்லாமல் உட்கார்ந்துகொண்டது.

நோய்கள்கூட அவளுக்குப் பெரிய பாரமாக இல்லை. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததுதான் பாரம். சீனிக் கிளினிக்கில் தினமும் நன்றாக நடக்கச் சொன்னார்கள். முழங்காலுக்குப் பார்த்தவர் படி ஏறாதே, தூரம் நடக்காதே என்றார். வெயில் காலத்தில் தண்ணீர் நிறையக் குடி என்று ஒருவர் சொன்னார். நெஞ்சுக்குப் பார்த்தவர் தண்ணீரையும் அளந்து குடி, கால் வீங்கும் என்றார். சோற்றைக் குறைக்க வேண்டும், உப்பைத் தொடக் கூடாது, கருவாட்டை மறந்துவிட வேண்டும்.

"எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்தா, நீ சாப்பிடக்கூடியது காத்து ஒண்ணுதான்," என்றார் பண்டா. "எனக்கு அதுவும் இல்ல. இழுப்பு."

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு மாதத்தில் ஒரு நாள் இருந்தது. போயா நாள்.

பௌர்ணமி அன்று விடிவதற்கு முன்னே குளித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, பூத்தட்டோடு பன்சலை விகாரைக்குப் போய் எட்டுச் சீலம் என்ற நோன்பை எடுத்துக்கொள்வாள். மறுநாள் விடியும்வரை அங்கேயே இருப்பாள். அங்கே உபதேசம் நடக்கும் தர்மசாலையின் பாயில் உட்கார்ந்துவிட்டால் அவளை யாரும் எந்தக் கிளினிக், எந்த நம்பர் என்று கேட்பதில்லை. சுற்றிலும் வெள்ளை உடுத்த சனம். அவர்களில் அவளும் ஒருத்தி. புத்தர் சிலையின் பாதி மூடிய கண்களுக்கு எதிரே அமர்ந்திருக்கும்போது, உடம்பு என்று ஒன்று இருப்பதே சில வேளை மறந்துபோகும்.

அந்த நாளை அவள் ஒரு மாதமும் விட்டதில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. சில வருஷங்களுக்கு முன்னால் பண்டாவுக்கு நெஞ்சு அடைத்து, வாயில் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியே அரசமரத்தடியில் நின்று அவள் ஒரு வேண்டுதல் வைத்தாள். இந்த மனுஷன் எழுந்து வீட்டுக்கு வந்தால், என் உயிர் இருக்கும்வரை ஒவ்வொரு போயாவுக்கும் பகலும் இரவுமாய்ச் சீலம் காப்பேன், அந்தப் புண்ணியம் அவருக்குப் போகட்டும் என்று. அவர் எழுந்துவந்தார். வந்த முதல் நாளே தேநீரில் சீனி போதவில்லை என்று சத்தம் போட்டார். அன்றிலிருந்து அவள் காக்கிறாள். ஒரு போயா தவறினாலும் அந்த நெஞ்சு நின்றுவிடும் என்பது அவள் மனதுக்குள் ஊறிப்போன பயம்.

வெசாக் போயா வந்தது. ஊரெல்லாம் காகித விளக்குக் கூடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பன்சலை நிறைந்து வழிந்தது. யசவதியும் அவளுடைய கூட்டாளி குசுமாவும் தூண் ஓரமாய்ப் பாய் போட்டு இடம் பிடித்தார்கள். குசுமாவுக்கும் சீனி உண்டு, அதோடு எல்லா விஷயத்திலும் ஒரு கருத்தும் உண்டு.

சீலம் எடுத்தவர்கள் நடுப்பகல் தாண்டினால் எதையும் உண்ணக் கூடாது. அதனால் பகல் தானச் சோற்றைச் சீக்கிரமே போட்டுவிடுவார்கள். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்த யசவதி, சேலை முந்தானையில் முடிந்துவைத்திருந்த மாத்திரைகளை எடுத்தாள். பகல் மாத்திரை, அதோடு இரவு மாத்திரை. எல்லாவற்றையும் ஒரே மடக்கில் விழுங்கினாள்.

இது அவள் இரண்டு மூன்று போயாவாகச் செய்துவரும் வேலை. இரவு மாத்திரை முன்பு ஒன்றுதான் இருந்தது. அதை அவள் போயா இரவில் விட்டுவிடுவாள். அண்மையில் சீனிக்கு ஒன்றையும் நெஞ்சுக்கு ஒன்றையும் கூட்டிக் கொடுத்து, ஒருநாளும் விடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்குக் குழப்பம் வந்தது. மாத்திரை வாய்க்குள் போகிற பொருள்தானே? பொழுது சாய்ந்தபின் அதை விழுங்கினால் சீலம் முறியாதா? விடவும் கூடாது, விழுங்கவும் கூடாது. அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். நடுப்பகலுக்கு முன்பே எல்லாவற்றையும் விழுங்கிவிட்டால், டொக்டர் சொன்னதும் நடக்கும், சீலமும் நிற்கும். போன தடவைகளில் பின்னேரம் தலை கொஞ்சம் சுற்றியது. பசி என்று நினைத்துக்கொண்டாள்.

பின்னேரம் கிலன்பச கொண்டுவந்தார்கள். சீலம் எடுத்தவர்களுக்குத் தாகம் தீரக் கொடுக்கிற கொத்தமல்லி வென்னீர். அன்றைக்குச் சீனியைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். யசவதி கையால் கோப்பையை மூடினாள்.

"ஏன் அக்கே, குடிக்கலையா?" என்றாள் குசுமா.

"சீனி போட்டிருக்கு. செவ்வாக்கிழமை திட்டுவாங்க. தண்ணியும் அளவாத்தான் குடிக்கணும், வியாழக்கிழமை திட்டுவாங்க."

"எனக்கும்தான் திட்டுவாங்க," என்று சொல்லிவிட்டு, குசுமா அவளுடைய கோப்பையையும் சேர்த்துக் குடித்தாள்.

அதன்பிறகு தர்ம உபதேசம் தொடங்கிற்று. பன்சலையின் தலைமைப் பிக்குவான பெரிய ஹாமுதுரு மேடையில் அமர்ந்து, புத்தர் ஞானம் பெற்ற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். யசவதிக்கு அந்தக் குரல் மெல்ல மெல்லத் தூரமாய்ப் போயிற்று. உடம்பு லேசானது. நெற்றியில் முத்து முத்தாய் வியர்த்தது. விளக்குகள் ஒன்றோடொன்று கலந்தன. சம்மணம் போட்டபடியே, முதுகு தூணில் சாய, கண் மூடிப்போயிற்று.

குசுமா திரும்பிப் பார்த்தாள். அசைவே இல்லாத உடம்பு. முகத்தில் ஒரு பளபளப்பு. வாய் லேசாய்த் திறந்து, சிரிப்பது போல. குசுமா அடுத்த பாயில் இருந்தவளின் தொடையைத் தட்டி, வாய்க்குள்ளேயே சொன்னாள்:

"யசவதி அக்காவுக்குச் சமாதி கூடிருச்சு!"

"அனே! நிசமாவா?"

"பாரேன் முகத்தை. நகராத, பாயை அசைக்காத, கலைஞ்சுரும்."

செய்தி பாய்க்குப் பாய் போயிற்று. சுற்றியிருந்த பெண்கள் மூச்சைக்கூட மெதுவாய் விட்டார்கள். ஒருத்தி இருமல் வந்ததை முந்தானைக்குள் அமுக்கினாள். இரண்டு பேர் யசவதியின் பக்கமாய்த் திரும்பிக் கைகூப்பினார்கள். அவள் அவர்கள் நடுவில், இரத்தத்தில் சீனி வற்றிக்கொண்டே போக, அந்த மரியாதைக்குள் தனியாய்க் கிடந்தாள்.

கண்டுபிடித்தவர் பெரிய ஹாமுதுருதான். பெண்கள் தன்னைப் பார்க்காமல் வேறெங்கோ கும்பிடுவது ஏன் என்று எட்டிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் கதையைப் பாதியில் விட்டு எழுந்தே விட்டார். அவரும் சீனி நோயாளி. அந்த வியர்வை எது என்று அவர் உடம்புக்குத் தெரியும்.

"யாரும்மா அது கும்பிடுறது! அது சமாதி இல்ல, சீனி இறங்கிருச்சு! கருப்பட்டியைக் கரைச்சு வாயில ஊத்துங்க, கொஞ்சம் கொஞ்சமா!"

தர்மசாலை எழுந்து நின்றது. குசுமா அழுதுகொண்டே கருப்பட்டிக் கரைசலை விரலால் தொட்டுத் தொட்டு யசவதியின் உதட்டுக்குள் தடவினாள். "அக்கே, முழுங்குங்க அக்கே. நான் பாவி, உங்க கோப்பையையும் நானே குடிச்சுட்டேனே!" என்று அவள் போட்ட சத்தத்திலேயே யசவதிக்குப் பாதி நினைவு வந்தது. பிறகு ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

வார்டில் இளம் டொக்டர் நோனா ஒருத்தி கேட்டாள்: "அம்மா, மாத்திரை எல்லாம் எப்படிப் போட்டீங்க? சொன்ன நேரத்துக்குத்தானே?"

யசவதி இன்னும் வெள்ளைச் சேலையில்தான் இருந்தாள். எடுத்த சீலம் இறங்கவில்லை. பொய் பேச மாட்டேன் என்று காலையில் சொன்ன வாய் அது. இருந்தாலும், உண்மையைச் சொன்னால் சீலத்தைக் குற்றம் சொல்லி நிறுத்திவிடுவார்களே என்ற பயத்தில், "நீங்க சொன்ன மாதிரித்தான் போட்டேன் நோனா," என்றாள்.

டொக்டர் அதை நம்பி, மருந்துதான் கூடிப்போயிற்று என்று சீனி மாத்திரையைக் குறைத்து எழுதினாள். பண்டா வந்து கட்டிலின் காலடியில் நின்றார். வழக்கமான கேலி எதுவும் வரவில்லை.

"பட்டினி கிடந்தது போதும் யசோ. இனிமே உனக்குச் சீலமும் இல்ல, கீலமும் இல்ல," என்றார். அந்தப் பெரிய குரல் வார்டுக்குள் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அவளுடைய வெள்ளைச் சேலையைத் துவைத்து மடித்துப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

ஊரில் கதை வேறு விதமாய்ப் பரவிற்று. கஞ்சிக் குண்டானைச் சுற்றிக் கூட்டம் கூடியது.

"அக்கே, சமாதியில என்ன தெரிஞ்சுது?"

"நட்சத்திரம் தெரிஞ்சுது. கோப்பையை நீட்டு."

"எங்க அம்மாவுக்கு ஒரு வார்த்தை ஆசீர்வாதம் பண்ணுங்களேன்."

"கருப்பட்டியைக் குறைக்கச் சொல்லு, அதான் ஆசீர்வாதம்."

வெளியே சிரித்தாலும் உள்ளே அவளுக்குச் சுகமில்லை. மருந்தைக் குறைத்ததில் சீனி ஏறத் தொடங்கியது. கால் எரிந்தது. நாக்கு உலர்ந்தது. சிறுநீர் போக எழுந்து எழுந்து முழங்கால் வீங்கியது, வீங்கிய வலிக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போட, பிரஷர் கூடிற்று. ஒரு நூலை இழுத்தால் எல்லா நூலும் வருகிற உடம்பு அது. இவற்றையெல்லாம்விட, சீலத்தோடு சொன்ன அந்தப் பொய் தொண்டையில் முள்ளாய் நின்றது. அடுத்த பௌர்ணமியான பொசொன் போயாவோ நெருங்கிக்கொண்டிருந்தது. போகாவிட்டால் அவர் நெஞ்சுக்கு என்ன ஆகுமோ என்று, பக்கத்தில் படுத்திருக்கிறவரின் மூச்சைக் காது கொடுத்துக் கேட்பதே அவள் வேலையாயிற்று.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் உட்காரும் முதல் வாங்கு எப்போதும் பிக்குகளுக்குத்தான். அதில் பெரிய ஹாமுதுரு அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் யசவதி. அதே இளம் டொக்டர்தான் அன்றைக்கும். அவள் முதலில் ஹாமுதுருவின் சீட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"ஹாமுதுருவனே, தானத்துல இனிப்புத் தொதல் சாப்பிட்டீங்களா?"

"நான் கேக்கல. அவங்க வச்சாங்க."

"வச்சா வேணாம்னு சொல்லலாமே."

"வருஷத்துல ஒரு தரம் செத்துப்போன அப்பாவை நெனச்சு தானம் குடுக்குறான். அப்பாவுக்குத் தொதல்னா உசிருன்னு சொல்லி வைக்கிறான். எப்படி மகளே வேணாங்கிறது? ஒரு துண்டு எடுத்தேன்."

"ஒரு துண்டா?"

ஹாமுதுரு விசிறியைப் பார்த்தார். "பெரிய துண்டு," என்றார்.

வரிசையே சிரித்தது. யசவதியும் சிரித்துவிட்டாள். அவளுடைய முறை வந்தது. டொக்டர் இரத்த முடிவைப் பார்த்துத் திகைத்தாள். "போன மாசம் மயங்கி விழுற அளவுக்கு இறங்குச்சு. இப்ப இப்படி ஏறியிருக்கு. எனக்கே ஒண்ணும் புரியலையே அம்மா."

எழுந்து போகப்போன ஹாமுதுரு நின்றார். "உபாசிகா அம்மா, அன்னைக்கு ராத்திரி மாத்திரையை என்ன செஞ்சீங்க?"

பெரிய ஹாமுதுருவின் முன்னால் அவளுக்கு இரண்டாவது பொய் வரவில்லை. குனிந்துகொண்டே சொன்னாள்: "பகல் சோத்தோட போட்டுக்கிட்டேன். எல்லாத்தையும். பொழுது சாஞ்சா வாயில போடக் கூடாதுல்ல."

"நானும் அதைத்தான் செஞ்சேன்," என்றார் ஹாமுதுரு.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டாள்.

"சின்ன வயசுல துறவியானவன் நான். மருந்து எந்த நேரத்துலயும் எடுக்கலாம்னு விநய நூல்ல படிச்சவன், மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவன். நோயாளிக்குப் பொழுது சாஞ்சும் நெய்யும் தேனும் வெல்லமும் எடுக்கப் புத்தரே அனுமதி குடுத்திருக்காரு. அந்தக் கிலன்பச நோயாளிக்குன்னு வந்ததுதான். நோய் நமக்கு வரும்போது படிச்சது எல்லாம் மறந்துபோகுது, பயம் மட்டும் ஞாபகம் இருக்கு. நானும் ஒருநாள் பிரித் ஓதும்போது விழுந்தேன். என்னை யாரும் கும்பிடல, அதான் பொழைச்சேன்."

டொக்டருக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. "அம்மா, அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மாத்திரையைக் குறைச்சிருக்கவே மாட்டேனே!" என்றாள். பழைய அளவைத் திரும்ப எழுதினாள். பிறகு யோசித்து, யசவதியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்க உடம்புக்கு நாள் முழுக்கச் சீலம் ஆகாது. ஆசையா இருந்தா பகல் மட்டும் காத்துக்குங்க. அன்னைக்குக் காலைல சீனி மாத்திரை பாதி. கிலன்பசயைக் கட்டாயம் குடிக்கணும். இருட்டுற நேரத்துக்குச் சீலத்தை இறக்கி, சோறு சாப்பிட்டு, ராத்திரி மாத்திரை போடணும். நடுவுல வேர்த்துச்சுன்னா, சீலமாவது ஒண்ணாவது, உடனே இனிப்பு."

யசவதி தலையாட்டினாள். கண்ணில் நீர் நின்றது. டொக்டர் அதைச் சந்தோஷம் என்று நினைத்தாள். சந்தோஷம் பாதிதான். அவள் வேண்டியது பகலும் இரவும். பாதி வேண்டுதலைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு வைப்பாள்?

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தைச் சொல்லி, பெட்டிச் சாவியைக் கேட்டாள்.

"தர மாட்டேன்," என்றார் பண்டா.

"பகல் மட்டும்தாங்க. டொக்டர் நோனாவே சொல்லிட்டாங்க."

"அந்த நோனாவா வந்து உன்னைத் தூக்குவா? அன்னைக்கு உன் கை எப்படிச் சில்லுன்னு இருந்துச்சு தெரியுமா? உனக்கு அப்படி என்ன புண்ணியம் குறைஞ்சுபோச்சு? யாருக்கும் ஒரு கெடுதல் செஞ்சவளா நீ?"

"புண்ணியம் எனக்கு இல்ல," என்றாள் யசவதி. "உங்களுக்கு."

"எனக்கா?"

"நீங்க குழாயோட கிடந்தப்ப வேண்டிக்கிட்டது. உங்களை எழுப்பிக் குடுத்தா, உசிர் இருக்குறவரை பகலும் ராத்திரியும் காக்குறேன்னு. இத்தனை வருஷம் ஒரு போயா விடல. இப்ப விட்டா..." அவருடைய நெஞ்சை மட்டும் பார்த்தாள்.

பண்டாவுக்கு மூச்சு இழுத்தது. பிறகு, "பைத்தியக்காரி," என்று முணுமுணுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் நிலையைப் பிடித்து இறங்கி, எங்கே என்று சொல்லாமல் போய்விட்டார். அவர் போனது பன்சலைக்கு என்று அவளுக்கு அப்போது தெரியாது. திரும்பி வந்தபோதும் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையைப் போட்டுக்கொண்டு ரேடியோவைத் திருகினார். அவளும் கேட்கத் துணியவில்லை.

பொசொன் போயா விடிந்தது. யசவதி குளித்துவிட்டு வந்தபோது, கட்டிலில் அவளுடைய வெள்ளைச் சேலை விரித்து வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் பண்டாவின் வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையும்.

"உங்களோடது எதுக்கு?"

"பகல் வண்டி உனக்கு, ராத்திரி வண்டி எனக்கு," என்றார் பண்டா. "பெரிய ஹாமுதுரு கிட்ட கேட்டுட்டேன். நான் இருட்டுறதுக்கு முந்தியே சோறு தின்னு, என் மாத்திரையையும் போட்டுக்கிட்டு வருவேன். நீ இறக்கினதும் நான் எடுத்துக்குவேன். விடியிறவரைக்கும்."

"நீங்களா? வெத்தலை இல்லாம ஒரு மணி நேரம் இருக்க மாட்டீங்களே!"

"தூங்குற நேரத்துல எவன் வெத்தலை போடுறான்?"

"ஹாமுதுரு என்ன சொன்னாரு?"

"வேண்டுதல் உடைஞ்சுருமான்னு கேட்டேன். சிரிச்சாரு. 'புண்ணியத்தை ஒருத்தர் செஞ்சு ஒருத்தருக்குக் குடுக்கலாம்னா, ரெண்டு பேரு சேர்ந்து ஏன் செய்யக் கூடாது'ன்னாரு. 'அந்த அம்மா உனக்காகக் காத்தது போதும், ராத்திரியை நீ அவளுக்காகக் காத்துடு'ன்னாரு." பண்டா சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் சொன்னார்: "நான் எழுந்து வந்தது மருந்தாலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன், இத்தனை வருஷமும்."

"மருந்தாலயும்தான்," என்றாள் யசவதி.

அன்றைக்குப் பகல் அவள் காத்தது, அதுவரை காத்த எல்லாவற்றிலும் அமைதியானது. பகல் மாத்திரையைப் பகலுக்குப் போட்டாள். கிலன்பச வந்ததும் குசுமா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். யசவதி ஒரு கோப்பையை முழுதாய்க் குடித்தாள். ஒரு தடவை கண்ணை மூடியதும், "அக்கே, சமாதியா சீனியா?" என்று விலாவில் இடித்தாள் குசுமா.

"தூக்கம்டி. விடு."

இருட்டத் தொடங்கியதும் அவள் சீலத்தை இறக்கினாள். மனம் ஒரு நொடி கனத்தது. இதுவரை இந்த நேரத்தில் அவள் எழுந்ததே இல்லை. அப்போதுதான் வாசலில் அந்த வெள்ளைச் சட்டை தெரிந்தது. பண்டா வாயைக் கழுவிக் கழுவியும் உதட்டில் வெற்றிலைச் சிவப்புப் போகாமல், தூணைப் பிடித்துப் பிடித்து ஆண்கள் பக்கத்துக்குப் போனார். இரண்டு பேர் இடம் விட்டார்கள். முழங்கால் மடங்காமல் ஒரு பக்கமாய் உட்கார்ந்தார்.

பெரிய ஹாமுதுரு சீலத்தைச் சொல்லிக் கொடுத்தார். திருப்பிச் சொன்னவர்களில் பண்டாவின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது. பாளிச் சொற்களை அவர் பஸ் நிறுத்தங்களைக் கூவுவதுபோல ஒவ்வொன்றாய்க் கூவினார். ஒன்றிரண்டு சொல் இடறிற்று. ஹாமுதுருவின் உதட்டோரம் துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை.

யசவதி வெளிப்படியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றுப் பொதியைப் பிரித்தாள். கொஞ்சம் சோறு, வல்லாரைச் சம்பல், உப்பில்லாத பருப்பு. மெதுவாய்ச் சாப்பிட்டாள். கையைக் கழுவி, இரவு மாத்திரைகளை ஒவ்வொன்றாய் எடுத்து, அளந்த தண்ணீரோடு விழுங்கினாள். நிலவு அரசமரத்துக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இந்த மனுஷனுக்கு நீண்ட ஆயுள் வேண்டும் என்று வழக்கம்போல மனதுக்குள் தொடங்கியவள், இன்றைக்கு அதை இரண்டு பேருக்குமாய்ச் சொன்னாள்.

உள்ளே பண்டா கைகூப்பியபடியே மெல்லத் தலையைத் திருப்பினார். படலம் இல்லாத கண்ணால் அவளைத் தேடிப் பிடித்தார். பேசக் கூடாத நேரம். புருவத்தை மட்டும் உயர்த்தினார்: போட்டாயா?

யசவதி வாயைத் திறந்து, சின்னப் பிள்ளைபோல வெறும் நாக்கை நீட்டிக் காட்டினாள்.

அவர் திருப்தியாய்ப் புத்தர் சிலையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.